உடம்படுமெய்

டர்பன் துறைமுகத்தின் பின்வாசல், மணி மூன்று.
பேஹெட் சாலையில் பதினேழு சர்க்கரை லாரிகள்
விளக்கை அணைத்துவிட்டு நிற்கின்றன.
எடைமேடையின் மேல் முதல் லாரி.
திரையில் எடை இல்லை.
ஒரே ஒரு வரி:
தவறான அழைப்பு.

நான்தான் காரணம்.
மாலையில் இயங்குதளத்தைப் புதுப்பித்தேன்.
கெர்னலின் அமைப்புக் கோப்பில்
இணக்க விருப்பங்கள் வரிசையாய் இருந்தன,
நான்காம் பதிப்புக்கு, ஐந்தாவதுக்கு, ஆறுக்கு, ஏழுக்கு,
செத்தவர் பெயருக்கு இன்னும் வரும் தபால் மாதிரி.
நான்கை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று
அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன்.
வீடு பெருக்கிய திருப்தியில்
டீ குடித்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டது எடைமேடை.

அந்த நிரலை எழுதியவன் டோனவன் பெருமாள்.
இப்போது பெர்த்தில் நீச்சல்குளம் கட்டித் தருகிறான்.
மூலநிரல் ஒரு ஃபிளாப்பியில் இருந்தது,
ஃபிளாப்பி ஒரு இழுப்பறையில் இருந்தது,
இழுப்பறை வெள்ளத்தோடு போயிற்று.
செய்தி அனுப்பினேன். அங்கே காலை, உடனே பதில்:
"அது இன்னுமா ஓடுகிறது?"

ஓடியது, டோனவன்.
இருபத்திரண்டு வருடமாக
அதே பழைய எண்ணைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது.
கெர்னலுக்குள் யாரோ எடுத்து
"ஓ, நீயா, இரு" என்று
புது எண்ணுக்கு மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.
அந்த யாரோவைத்தான்
ஒரு ஹாஷ் குறியால் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பழைய கெர்னலுக்கே திரும்பலாம்.
ஆனால் பதற்றத்தில் இரண்டாம் தடவை நிறுவி
அதன் மேலேயே எழுதிவிட்டேன்.

கண்ணாடியில் தட்டல்.
முதல் லாரியின் ஓட்டுநர், தோபேகா ங்சோபோ.
(அந்தப் பெயரின் நடுவில் 'ச்' கிடையாது,
ஒரு சொடுக்கு இருக்கிறது,
நாம் உச்சுக் கொட்டும் அதே சத்தம்.
நம்மிடம் சத்தம் உண்டு, எழுத்துதான் இல்லை.)
எவ்வளவு நேரம் என்றாள்.
தொகுத்து முடிக்க நாற்பது நிமிடம் என்றேன்.
கைப்பேசியைக் காட்டினாள்:
நான்கு மணிக்கு மின்வெட்டு.
யு.பி.எஸ். பற்றி அவளிடம் சொல்லவில்லை.
அது போன மாதமே செத்துவிட்டது.

ஹாஷ் குறியை அழித்தேன்.
தொகுப்பு ஓடத் தொடங்கியது, மூன்று பன்னிரண்டு.
வரிகள் ஏறிக்கொண்டே போயின.
பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் முடியவில்லை.

சனிக்கிழமைகளில் மெர்பேங்கில் தமிழ் வகுப்புக்குப் போகிறேன்,
நாற்பத்தொரு வயதில், முன்வரிசையில்.
மணி, அடித்தது: மணியடித்தது.
நடுவில் இந்த ய் எங்கிருந்து வந்தது?
முதல் சொல்லில் இல்லை. அடுத்ததிலும் இல்லை.
இரண்டு உயிர் முட்டிக்கொள்ளாமலிருக்க
ஒரு மெய் குறுக்கே படுத்துக்கொள்கிறது.
தனியாக அதற்குப் பொருள் கிடையாது.
எடுத்துப் பார், வாய் இடறும்.

என் அட்டையில் கோவெண்டர் என்று இருக்கிறது.
கவுண்டர் என்று சொன்னது
யாரோ ஒரு குமாஸ்தாவின் காதில் அப்படி விழுந்தது.
திருத்தலாம், படிவம் இருக்கிறது.
ஆனால் வங்கிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும்
அந்தப் பிழையைத்தான் தெரியும்.

மூன்று ஐம்பத்து நான்கு.
அணைத்து எழுப்பினேன்.
கருப்புத் திரை தன் சாமான்களை எண்ணிக்கொண்டே வந்தது,
வட்டு, நினைவகம், வலை அட்டை,
எடைமேடைக்குப் போகும் அந்த ஒற்றைக் கம்பி.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகும் ஒன்றுமில்லை.
பிறகு
52,460 கிலோ.

சீட்டு பாதி அச்சாகி நிற்க, கரண்ட் போயிற்று.
இரண்டு நிமிடம் முன்னதாகவே.

இருட்டில் பேனாவைத் தேடி
மீதி இலக்கங்களை நானே எழுதிக் கொடுத்தேன்.
கரண்ட் வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்தில்
ஒரு குறிப்பு வைப்பேன்:
அழிக்காதே. கேட்க ஆள் இருக்கிறது.

தோபேகா கைப்பேசி வெளிச்சத்தில்
என் கையெழுத்தைப் பார்த்தாள்,
பின்னால் நிற்கும் பதினாறைப் பார்த்தாள்,
உச்சுக் கொட்டினாள்.
இரக்கமா, எரிச்சலா,
கையெழுத்துப் போடுமுன் தன் பெயரை
ஒருமுறை சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.